எட்டுத் தலைக்குடங்கள்

பள்ளத்தெருவில் குடங்கள் தாமாக நகர ஆரம்பித்தது ஒரு வெள்ளிக்கிழமை மாலை நாலேகால் மணிக்கு. தண்ணீர் லாரி வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது, குடத்தை வரிசையில் போட்டுவிட்டுப் பெண்கள் எதிர்ச்சுவர் நிழலில் பேன் பார்த்துக்கொண்டும் பூண்டு உரித்துக்கொண்டும் உட்கார்ந்திருந்தார்கள், அப்போது நீலக் குடம் தரையை உரசிக்கொண்டு மெதுவாக இரண்டு குடங்களைச் சுற்றிப் போய் ஆரஞ்சுக் குடத்துக்கு முன்னால் நின்றது, அதைப் பார்த்த குணசுந்தரிக்கு வந்தது ஆச்சரியம் இல்லை, கோபம். வரிசையை யார் மாற்றினாலும் அவளுக்குக் கோபம் வரும். மாற்றியது குடமே என்பதற்காகக் கோபத்தைக் குறைத்துக்கொள்ள அவளுக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

அந்த வரிசையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வியாசர்பாடியில் ரயில் பாலத்தைத் தாண்டி இறங்கினால் பள்ளத்தெரு. மழைக்காலத்தில் ஊர்த் தண்ணீரெல்லாம் அங்கே வந்து நிற்கும், கோடையில் குடிக்க ஒரு சொட்டு இருக்காது. எட்டு வீட்டுக்குப் பொதுவாக ஒரு கறுப்புத் தொட்டி, அதன் அடியில் ஒரே ஒரு குழாய். இருபது வருடத்துக்கு முன்னால் அந்தக் குழாயடியில் நடந்த சண்டையில் ஒருத்தியின் காது கிழிந்து, இன்னொருத்தியின் குடம் உடைந்து, இரண்டு வீட்டு ஆண்களும் ஸ்டேஷன் வரை போய் வந்த பிறகு, அப்போதுதான் கல்யாணமாகி வந்திருந்த குணசுந்தரி தெரு நடுவில் நின்று சட்டம் போட்டாள். வீட்டுக்கு ஒரு நிறம். அந்த நிறத்தில் ஒரு குடம் வரிசையில் நிற்கும், அதற்குத் தலைக்குடம் என்று பெயர். தலைக்குடம் குழாயடிக்கு வந்தால்தான் அந்த வீட்டுக்குத் தண்ணீர், அது வராமல் வேறு எந்தப் பாத்திரத்தை நீட்டினாலும் ஒரு சொட்டு கிடையாது. இரண்டு குடம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கக் கூடாது. "ரெண்டு பேரும் ஒண்ணா வந்தோம்னு சொன்னா, ரெண்டுல ஒருத்தி பொய் சொல்றான்னு அர்த்தம்" என்பாள். இருபது வருடத்தில் அந்தச் சட்டத்தை அவளும் மீறியதில்லை, மற்றவர்களையும் மீற விட்டதில்லை.

ஆகவே நீலக் குடம் நகர்ந்ததும் எழுந்து போய் அதைப் பழைய இடத்தில் வைத்தாள். அது திரும்பவும் நகர்ந்தது. இந்த முறை சிவப்பும் மஞ்சளும் கூட நகர்ந்தன. மூன்றாம் முறை எட்டுக் குடங்களும் கலைந்து, சுற்றி, இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து, ஜோடிக்குள் ஒன்று முன்னால் ஒன்று பின்னால் என்று நின்றபோது, குணசுந்தரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிழலில் இருந்த பெண்களைப் பார்த்தாள்.

"யாரு பண்றீங்கன்னு ஒத்துக்கிற வரைக்கும் ஒருத்திக்கும் தண்ணி கெடையாது."

"நாங்க இன்னாடி பண்ணோம், ஒக்காந்துனுதானே கீறோம்?" என்றாள் பிலோமினா. வெள்ளைக் குடம் அவளுடையது, எட்டு மாதக் கர்ப்பிணியான மருமகளை வீட்டில் வைத்துக்கொண்டிருந்தாள்.

யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. லாரி வந்து தொட்டியை நிரப்பிவிட்டுப் போனது, குணசுந்தரி குழாயைத் துணியால் கட்டிவிட்டாள், வெள்ளி போய் சனி போய் ஞாயிறு சாயங்காலம் வரை குடங்கள் அப்படியே நின்றன. கண்டுபிடித்தது முனையில் டீக்கடை வைத்திருக்கும் டெல்லிபாபு. அவன் கடைச் சுவரில் பெண்கள் கால்பந்து லீக்கின் அட்டவணை ஒட்டியிருந்தது, எட்டு அணி, எட்டு நிறச் சட்டை, ஞாயிறுதோறும் நாலு ஆட்டம். ஆரஞ்சை நீலம் ஜெயித்துவிட்டது என்று ஞாயிற்றுக்கிழமை போன் வந்ததும் டீ ஆற்றிக்கொண்டிருந்தவன் டபராவைக் கீழே வைத்துவிட்டு வந்து வரிசையைப் பார்த்தான். நாலு ஆட்டமும் சரியாக இருந்தது, ஜோடியில் முன்னால் நின்ற நிறம்தான் ஜெயித்திருந்தது.

"குணாக்கா, இது தண்ணிக்கு நின்ன வரிசை இல்ல," என்றான்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் நாலேகாலுக்குக் குடங்கள் நகர்ந்தன, ஞாயிற்றுக்கிழமை நாலும் பலித்தது. மூன்றாம் வெள்ளிக்கு ரயில் பாலத்திலிருந்தே கூட்டம். வியாசர்பாடிக்காரர்களுக்குப் பந்து என்றால் உயிர்தான், ஆனால் பெண்கள் ஆடும் லீக்கை அதுவரை எட்டிப் பார்க்காத ஆண்கள் இப்போது ஊதா அணியின் லெஃப்ட் பேக்குக்கு முழங்கால் வலி என்பது வரை பேசினார்கள். கோயில் பூசாரி வந்து சூடம் ஏற்றினார், பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணினார், இரண்டு பேரும் டெல்லிபாபு கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். ஒரு போலீஸ்காரர் கயிறு கட்டிவிட்டுப் போனார். பந்தயம் கட்ட வந்தவர்கள்தான் பாவம், எல்லோருக்கும் தெரிந்துவிட்ட முடிவின் மேல் எதிர்த்துக் கட்ட ஆள் கிடைக்காமல் சும்மா நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

குடத்தைத் தொட்டால் பலிக்காது என்று யார் முதலில் சொன்னது என்று தெரியவில்லை, ஆனால் சொன்னவுடன் அதுவே சட்டம் ஆனது. வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு கடைசி ஆட்டம் முடியும் வரை தலைக்குடத்தைத் தொடக் கூடாது. தலைக்குடம் வராமல் தண்ணீர் கிடையாது என்பது குணசுந்தரியின் பழைய சட்டம். இரண்டு சட்டமும் சேர்ந்து என்ன ஆனது என்றால், தொட்டி நிரம்பி மூடியோரம் கசிந்துகொண்டிருக்க, பள்ளத்தெருப் பெண்கள் மேட்டுத்தெருவில் போய்ப் பக்கெட்டை நீட்டித் திட்டு வாங்கினார்கள். யாருக்காவது குறைப்பட்டுக்கொள்ளத் தோன்றினாலும், பேப்பரில் தெருவின் போட்டோ வந்திருப்பதை நினைத்து அடக்கிக்கொண்டார்கள்.

குணசுந்தரிக்கு இது பிடித்திருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அவளுக்கு நாற்காலி போட்டார்கள். மைக்கை நீட்டினார்கள். இருபது வருடமாகக் குழாயடிச் சண்டைக்காரி என்று பேர் வாங்கியவளை இப்போது அம்மா என்று கூப்பிட்டார்கள், அவளும் கையில் ஒரு துடைப்பக்கட்டையை வைத்துக்கொண்டு கயிற்றைத் தாண்டிக் கை நீட்டுகிறவர்களின் மணிக்கட்டில் தட்டிக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு விஷயம்தான் உறுத்தியது. வாராவாரம் பச்சைக் குடம் தன் ஜோடியில் பின்னால் நின்றது. பச்சைக் குடம் அவளுடையது, பச்சைச் சட்டை அவள் மகள் மோனிஷாவுடையது.

மோனிஷா பதினோரு வயதில் ஓட ஆரம்பித்தவள். இப்போது பத்தொன்பது, பச்சை அணியின் டிஃபன்ஸில் நிற்கிறாள், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு ஆடுகிறாள், பள்ளத்தெருவில் அப்படி ஆடிய முதல் பெண் அவள்தான். அவளுக்கு முட்டை அவித்து, சாக்ஸைத் துவைத்து, காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட குணசுந்தரி ஒரு ஆட்டத்தைக்கூட நேரில் போய்ப் பார்த்ததில்லை. "ஒரு சாமானுக்கு இருவத்திரெண்டு பேர் வரிசையே இல்லாம அடிச்சிக்கறத டெய்லி கொழாயாண்ட பார்க்கறேன், அதுக்கு பஸ் ஏறிப் போவணுமா?" என்று கேட்பாள்.

ஐந்து வாரம் இப்படிப் போயிற்று, லீக்கின் கடைசி வாரம் வந்தது. பச்சை அணி அட்டவணையின் அடியில் கிடந்தது. கடைசி இடத்தில் முடிக்கிற அணி லீக்கை விட்டு வெளியே போகும். போனால் அணியையே கலைத்துவிடுவதாக அதை நடத்துகிறவர்கள் சொல்லிவிட்டார்கள், கலைத்தால் மோனிஷாவைக் கூப்பிட வேறு அணி இல்லை, அவளோடு பள்ளியில் ஆடிய மூன்று பெண்கள் இப்போது துணிக் குடோனில் பெட்டி மடித்துக்கொண்டிருந்தார்கள். ஜெயித்தால் தப்பலாம். ஜெயிக்காவிட்டாலும் டிரா ஆனால் வரும் ஒரு பாயின்ட் போதும். ஆனால் டிரா என்ற சொல்லையே தெரு மறந்துவிட்டிருந்தது. முன்பெல்லாம் வாரத்துக்கு ஒன்றிரண்டு ஆட்டமாவது சமமாக முடியும். குடங்கள் நகர ஆரம்பித்த பிறகு ஒன்றுகூட இல்லை, ஏனென்றால் வரிசையில் முன்னால் உண்டு, பின்னால் உண்டு, வேறு எதுவும் கிடையாது.

அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை நாலேகாலுக்கு வெள்ளைக் குடம் நகர்ந்து முன்னால் போனது. பச்சைக் குடம் சும்மா அரை வட்டம் அடித்து அதன் பின்னால் போய் நின்றது. கூட்டமே குணசுந்தரியைப் பார்த்தது. அவள் கட்டையைக் கீழே வைத்தாள்.

சனிக்கிழமை காலையில் பச்சை அணியின் பயிற்சியாளர் கஜேந்திரன் மாஸ்டர் டீக்கடைக்கு வந்தார். பயிற்சிக்கு ஐந்து பேர்தான் வந்ததாகச் சொன்னார். ஒருத்திக்கு வயிற்றுவலி, இன்னொருத்தி வீட்டில் விசேஷம், மற்றவர்கள் காரணம் சொல்லக்கூட மெனக்கெடவில்லை.

"பதினோரு பேர் இல்லன்னா இன்னா பண்ணுவீங்க மாஸ்டர்?" என்று கேட்டாள் குணசுந்தரி.

"வர்றவங்கள வெச்சி ஆடிட்டு வரணும்மா. அதுங்களையும் கொற சொல்ல முடியாது. தோக்கறதுன்னு தெரிஞ்சப்புறம் எவ காலக் குடுப்பா?"

"எம் பொண்ணு வந்தாளா?"

"மொத ஆளா வந்தா. இன்னும் கெரவுண்டுலதான் கீறா. செவுத்துல அடிச்சினு கீறா."

அவர் போன பிறகு டெல்லிபாபு குரலைத் தாழ்த்தினான். "அக்கா, நீ மாத்தி வையேன். ஒன்னோட கொடம். யாரு கேக்கப் போறா?"

குணசுந்தரி எழுந்தாள். கயிற்றைத் தாண்டி உள்ளே போனாள், பட்டப்பகலில், எட்டு வீட்டுப் பெண்களும் பார்த்துக்கொண்டிருக்க, இருபது வருடம் யாரையும் செய்ய விடாத அந்தக் காரியத்தைச் செய்தாள். பச்சைக் குடத்தை எடுத்து வெள்ளைக்கு முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு நிமிர்வதற்குள் அது தரையை உரசிக்கொண்டு, அவசரமே இல்லாமல், வெள்ளைக்குப் பின்னால் போய் நின்றது. அவள் வாழ்க்கையில் அவ்வளவு அவமானப்பட்டதில்லை. யாராவது திட்டியிருந்தால்கூடத் தேவலை; பிலோமினா முகத்தைத் திருப்பிக்கொண்டு பார்க்காததுபோல் பூண்டு உரித்தாள்.

பதினொரு மணிக்கு மோனிஷா வந்தாள். உடம்பு முழுக்க மண், முழங்காலில் சிராய்ப்பு, தண்ணீரில்லாமல் உதடு வெடித்திருந்தது. வீட்டுக்குள் போய்ப் பானையைச் சாய்த்துப் பார்த்தாள், பக்கெட்டைப் பார்த்தாள், வெளியே வந்தாள்.

"ம்மா, குளிக்கத் தண்ணி கீதா?"

"இல்லடி. நாளைக்கு ஆட்டம் முடியட்டும். மேட்டுத்தெருவுல போய்க் கேட்டுப் பாக்கறேன்."

"தொட்டி ரொம்பி ஊத்தினு கீது. நம்ம வூட்ல குடிக்க ஒரு சொம்பு இல்ல." அவள் கத்தவில்லை, அதுதான் குணசுந்தரிக்குத் தாங்கவில்லை. "எதுக்கும்மா இது? நான் தோக்கப் போறேன்னு ஊரு ரெண்டு நாள் முன்னாடியே தெரிஞ்சிக்கவா?"

"நாளைக்குப் போவியாடி?"

"போவேன். அஞ்சு பேர்னாலும் போவேன். ஒண்டியா நின்னாலும் நிப்பேன். எனக்கு வேர்வ நாத்தம் அடிக்குது, மொதல்ல குளிக்கணும்."

குணசுந்தரி மகளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடி கயிற்றைத் தாண்டினாள், இந்த முறை குனிந்து போகாமல் கயிற்றையே அவிழ்த்து எறிந்தாள். பச்சைக் குடத்தை எடுத்தாள். குழாயில் கட்டியிருந்த துணியைப் பிடுங்கினாள். கூட்டத்திலிருந்து ஒருவன் வேண்டாம் என்றான், ஒருவன் போலீஸ் என்றான், டெல்லிபாபு தலையில் கை வைத்துக்கொண்டான், தண்ணீர் குடத்துக்குள் விழுந்த சத்தத்தில் எல்லோரும் வாயை மூடினார்கள். ஐந்து வாரமாக அந்தச் சத்தத்தைச் சனிக்கிழமையில் யாரும் கேட்டிருக்கவில்லை.

முதல் குடத்தை மகள் தலையில் ஊற்றினாள். இரண்டாவதைப் பானையில் ஊற்றினாள். மூன்றாவதை விளிம்பு வரை நிரப்பி, தன் முறை வராமல் ஒருத்தி பிடிக்கக் கூடாது என்பதும் தன் சட்டம்தான் என்று நினைவு வந்து, திரும்பக் கொண்டுபோய் வரிசையில் வைத்தாள். இடுப்பு வலியில் சரியாகக்கூட வைக்கவில்லை, வரிசைக்குக் கொஞ்சம் வெளியே, வெள்ளைக்குப் பக்கத்தில், கோணலாக வைத்துவிட்டு நகர்ந்தாள்.

பச்சைக் குடம் நகரவில்லை. அது பின்னால் போய் நிற்கும் என்று தெருவே காத்திருந்தது, அது போகவில்லை. வெள்ளைக் குடம்தான் தவித்தது. கொஞ்சம் முன்னால் போனது, திரும்பி வந்தது, பச்சையைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தது, முட்டிப் பார்த்தது, நிரம்பிய குடம் லேசில் அசையுமா, தளும்பி நாலு சொட்டு சிந்தியதோடு சரி. பிலோமினா எழுந்து வந்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"காலிக் கொடம்தான்டி ஆட்டம் காட்டுது," என்றாள்.

பிலோமினாவின் மருமகளுக்கு முந்தின நாள்தான் பிள்ளை பிறந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த துணியெல்லாம் துவைக்காமல் மூட்டையாகக் கிடந்தது. தன் வெள்ளைக் குடம் ஜெயிக்கும் குடம், பேப்பரில் வரப்போகும் குடம். அதையெல்லாம் அவளும் யோசித்திருப்பாள். யோசித்துவிட்டு வெள்ளைக் குடத்தைக் குழாயடியில் வைத்துத் திறந்தாள். அதன் பிறகு யாரும் யாரையும் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. ஊதா, நீலம், மஞ்சள், சிவப்பு, கறுப்பு, ஆரஞ்சு என்று எட்டு வீட்டுத் தலைக்குடமும் நிரம்பி வீட்டுக்குப் போயின, அன்று மத்தியானம் பள்ளத்தெருவில் எல்லோரும் தலைக்குக் குளித்தார்கள், கொடியெல்லாம் ஈரத்துணி தொங்கியது, ஞாயிற்றுக்கிழமை யார் ஜெயிப்பார்கள் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாமல் போனது.

அந்தச் செய்தி ரயில் பாலத்தைத் தாண்டிப் போக ஒரு மணி நேரம் ஆனது. வயிற்றுவலிக்காரிக்கு வலி நின்றது. விசேஷ வீட்டுக்காரி விசேஷத்தை அக்காளிடம் விட்டுவிட்டு வந்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மைதானத்தில் பச்சைச் சட்டை பதினான்கு இருந்ததாகக் கஜேந்திரன் மாஸ்டர் போன் பண்ணிச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை குணசுந்தரி முதல் முறையாக பஸ் ஏறி ஆட்டம் பார்க்கப் போனாள். ஐந்து வாரமாகக் காலியாகக் கிடந்த சிமென்ட் படிகளில் உட்கார இடமில்லை, டெல்லிபாபு கடையை மூடிவிட்டு வந்திருந்தான், பக்கத்தில் பிலோமினா வெள்ளை அணிக்காக ஒரு வெள்ளைத் துண்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். குணசுந்தரிக்கு எதுவும் புரியவில்லை. யார் முன்னால், யார் பின்னால் என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் எல்லா இடத்திலும் இருந்தார்கள். மோனிஷா மட்டும் தெரிந்தாள். மகள் வீட்டில் இப்படி ஓடிப் பார்த்ததில்லை, இப்படி யாரையும் முறைத்துப் பார்த்ததில்லை, விழுந்தால் இவ்வளவு சீக்கிரம் எழுந்ததில்லை.

முதல் பாதியில் மோனிஷாவின் கால் வழுக்கியது, அந்த இடைவெளியில் வெள்ளைச் சட்டைக்காரி பந்தை உள்ளே தள்ளிவிட்டாள். குடம் சொன்னது சரிதான் என்று பின்னால் ஒருவர் முனகினார். குணசுந்தரி திரும்பி, "இன்னும் நேரம் கீது இல்ல? கம்முனு ஒக்காரு" என்றாள்.

எழுபதாவது நிமிடத்துக்குப் பிறகு ஒரு கார்னரில் பந்து எத்தனையோ முழங்காலில் பட்டு, கடைசியில் அந்த வயிற்றுவலிக்காரியின் முழங்காலில் பட்டு உள்ளே போனது. படிகள் அதிர்ந்தன. அதற்குப் பிறகு வெள்ளை அணி விடாமல் வந்துகொண்டே இருந்தது, கடைசி நிமிடத்தில் கோல்கீப்பரும் தரையில் கிடக்க, திறந்து கிடந்த கோல் வாயை நோக்கி அடித்த பந்தை மோனிஷா குறுக்கே விழுந்து வயிற்றில் வாங்கினாள். அவள் எழுவதற்கு முன்னால் விசில் ஊதிவிட்டார்கள்.

இப்படியும் ஒரு ஆட்டம் முடியலாம் என்பது எல்லோருக்கும் மெதுவாகத்தான் நினைவு வந்தது. டெல்லிபாபு எழுந்து நின்று, "டிரா," என்றான், ரொம்ப நாள் கழித்து ஊருக்கு வந்தவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல்.

மோனிஷா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கம்பி வேலியோரம் வந்தாள். அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள். பச்சை அணி லீக்கில் இருந்தது, அவளும் இருந்தாள்.

"யாருடி ஜெயிச்சது?" என்று கேட்டாள் குணசுந்தரி.

"யாரும் இல்லம்மா."

"அப்ப யாரு முன்னாடி?"

"யாரும் முன்னாடி இல்ல. ரெண்டு பேரும் ஒண்ணா நிக்கறோம்."

குணசுந்தரி வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதை யோசித்தாள். பஸ்ஸில் வரும்போதும் யோசித்தாள்.

லீக் முடிந்த பிறகும் சில வெள்ளிக்கிழமைகள் மக்கள் வந்து பார்த்தார்கள். பள்ளத்தெருப் பெண்கள் ஒரு புதுப் பழக்கம் வைத்துக்கொண்டார்கள்: வரிசையில் வைக்கும் தலைக்குடத்தின் அடியில் இரண்டு சொம்புத் தண்ணீர் ஊற்றித்தான் வைப்பது. நாலேகால் ஆகும்போது குடங்களுக்குள் தண்ணீர் லேசாக நடுங்கும், அவ்வளவுதான். இன்றைக்கும் அங்கே யாரும் காலிக் குடத்தை வரிசையில் வைப்பதில்லை, எதற்கு என்று கேட்டால் காற்றுக்கு விழாமல் இருக்க என்று சொல்வார்கள்.

ஆனால் லீக் முடிந்து வந்த முதல் செவ்வாய்க்கிழமையைத்தான் தெரு இன்னும் பேசுகிறது. காலையில் லாரி வந்துவிட்டுப் போனதும் பிலோமினா பேரப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெள்ளைக் குடத்தோடு வந்தாள், அதே சமயம் மோனிஷா பச்சைக் குடத்தோடு வந்தாள், இரண்டு பேரும் ஒரே அடியில் குழாயடியை அடைந்தார்கள். மற்ற பெண்கள் பூண்டைக் கீழே வைத்துவிட்டுக் குணசுந்தரியைப் பார்த்தார்கள். ரெண்டுல ஒருத்தி பொய் சொல்றா என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தார்கள்.

குணசுந்தரி இரண்டு குடத்தையும் வாங்கினாள். குழாயின் கீழே பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். குழாயில் ஒரு ரப்பர் டியூபைச் செருகி, இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிப் பிடித்தாள். இரண்டு குடமும் ஒன்றாக நிரம்பின.